குழந்தையின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கான்கா புல்லோசா’: பெயர் வைத்த எமில் சுக்கர்காண்டல் யார்?

மாதக்கணக்கில் சளி, ராத்திரி முழுக்க வாயால் மூச்சு, மருந்து கொடுத்தும் விடாத மூக்கடைப்பு. கடைசியில் ஈஎன்டி டாக்டர் குழந்தைக்கு சிடி ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெற்றோர் கண்ணில் படுவது வாயில் நுழையாத சில வார்த்தைகள். கான்கா புல்லோசா, ஹாலர் செல், ஓனோடி செல். உடனே ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறோம். ஏதோ பெரிய வியாதி போலத் தோன்றும்.

இவை எதுவும் வியாதியின் பெயர் கிடையாது. மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள், அதாவது சைனஸ்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கும். அந்த வித்தியாசங்களுக்கு வைத்த பெயர்கள் இவை. கைரேகை மாதிரி என்று சொன்னாலும் தப்பில்லை. ஒரே ஆளின் இடது பக்கமும் வலது பக்கமுமே பெரும்பாலும் ஒத்துப்போகாது.

இந்த வித்தியாசங்களை முறையாகப் பார்த்து, வரைந்து, எழுதிவைத்த முன்னோடிகளில் முக்கியமானவர் எமில் சுக்கர்காண்டல். கான்கா புல்லோசா என்ற பெயரே அவர் வைத்ததுதான். எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 13 வருஷம் முன்னாடியே மூக்கின் உள்பக்கத்துக்கு ஒரு வரைபடம் போட்ட மனுஷன் அவர்.

ஹங்கேரியில் பிறப்பு, வியன்னாவில் படிப்பு

1849 செப்டம்பர் 1ஆம் தேதி, ஹங்கேரியின் ஜியோர் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் சுக்கர்காண்டல். அப்போது அந்த ஊர் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்குள் இருந்தது. வீட்டில் மற்ற பிள்ளைகளும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. தம்பி ஓட்டோ பெயர் பெற்ற சிறுநீரக அறுவை நிபுணர். இன்னொரு தம்பி விக்டர் தொழிலதிபர். வியன்னாவுக்குப் பக்கத்தில் பூர்கர்ஸ்டார்ஃப் என்ற இடத்தில், கட்டடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்க்கும் அந்த ஆரோக்கிய விடுதியை ஜோசப் ஹாஃப்மனிடம் சொல்லிக் கட்ட வைத்தவர் இவர்தான்.

எமில் படித்தது வியன்னா பல்கலைக்கழகத்தில். அந்தக் காலத்தில் மருத்துவ உலகின் தலைநகர் என்று வியன்னாவைச் சொல்லலாம். நோயைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இறந்த உடலைத் திறந்து பார், அறிகுறியையும் உள்ளே பார்த்ததையும் சேர்த்து வை என்பது ரொகிடான்ஸ்கி அங்கே ஊன்றிய வழக்கம். உடற்கூற்றியலில் ஜோசப் ஹிர்ட்டல் கோலோச்சிக்கொண்டிருந்தார். அவர் சேகரித்த 139 மண்டையோடுகள் இன்றும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மியூட்டர் அருங்காட்சியகத்தில் வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த சுக்கர்காண்டல் 1874இல் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

அவருடைய ஆரம்ப கால வேலைகளில் ஒன்று நோவாரா கப்பல் கொண்டுவந்த மண்டையோடுகளை ஆராய்ந்தது. 1857 முதல் 1859 வரை உலகைச் சுற்றிய ஆஸ்திரியக் கப்பல் அது. வழியில் 1858இல் நம்ம சென்னையிலும் நங்கூரம் போட்டது. கண்டம் கண்டமாக மண்டையோடுகளைச் சேகரித்து இனவாரியாக அளந்து பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் அன்று சர்வசாதாரணம். இன்றைய கண்ணுக்கு அது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். முகத்து எலும்புகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகின்றன என்பது அவர் மனதில் பதிந்தது இப்படியான வேலைகளில்தான் என்பதையும் மறைக்க முடியாது.

1882இல் ஒரு புத்தகம்

1882 அவருக்குத் திருப்பமான ஆண்டு. கிராட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர் ஆனார். மூக்குக் குழியும் அதோடு சேர்ந்த காற்றறைகளும் ஆரோக்கியமாக இருக்கும்போது எப்படி இருக்கும், நோய் வந்தால் எப்படி மாறும் என்பதைச் சொல்லும் அவருடைய பெரிய நூலும் அதே ஆண்டில் வெளியானது. பத்து வருஷம் கழித்து 1892இல் இரண்டாம் தொகுதி வந்தது.

அதுவரை யாருமே சைனஸைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். லியோனார்டோ டா வின்சி 1489லேயே கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையை வரைந்துவிட்டார். 17ஆம் நூற்றாண்டில் நத்தானியல் ஹைமோர் அதைப் பற்றி எழுதினார். ஆனால் மூக்கு ஒரு சின்ன உறுப்பு, சளி பிடித்தால் ஒழுகும், அவ்வளவுதான் என்கிற அலட்சியம் மருத்துவர்களிடமே இருந்தது. சுக்கர்காண்டல் வித்தியாசப்படுவது எண்ணிக்கையில். ஒன்றிரண்டு உடல்களைப் பார்த்துவிட்டு, மனித மூக்கு இப்படித்தான் என்று எழுதாமல், ஒன்றன்பின் ஒன்றாக நிறைய மண்டைகளை அறுத்துப் பார்த்தார். எது எல்லோருக்கும் பொது, எது சிலருக்கு மட்டும், எது நோயால் வந்தது என்று பிரித்தார்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். இரண்டு கண்களுக்கு நடுவில், தீப்பெட்டியைவிடச் சின்ன இடத்தில் எத்மாய்டு என்ற எலும்பு இருக்கிறது. உள்ளே தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள். கண்ணுக்கும் அதற்கும் நடுவில் உள்ள சுவர் காகிதம் போல மெல்லியது. அதன் லத்தீன் பெயருக்கே காகிதத் தகடு என்றுதான் அர்த்தம். மேற்கூரைக்கு மேலே மூளை. பின்பக்கம் போனால் பார்வை நரம்பு.

மூக்கின் பக்கச் சுவரில் இருந்து சுருள் சுருளாக எலும்புகள் தொங்கும். நடுவில் இருக்கும் சுருள் சிலருக்குத் தட்டையாக இல்லாமல், உள்ளே காற்று நிரம்பி பலூன் போல உப்பியிருக்கும். அதுதான் கான்கா புல்லோசா. கான்கா என்றால் சிப்பி, புல்லா என்றால் குமிழி. பார்த்ததை அப்படியே பெயராக வைத்துவிட்டார்.

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழந்தைகள் விஷயத்தில் இந்த வரைபடம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பிறக்கும்போது குழந்தைக்கு எல்லா சைனஸும் இருக்காது. கண்களுக்கு நடுவில் உள்ள எத்மாய்டு அறைகளும், கன்னத்தில் உள்ள மேக்ஸிலரி சைனஸும்தான் இருக்கும். மேக்ஸிலரியும் அப்போது ரொம்பச் சின்னது. பிறந்து முதல் 3 வருஷம் வேகமாக வளரும், அப்புறம் கொஞ்சம் மெதுவாகி, 7 வயதில் இருந்து 12 வயது வரை மறுபடி வேகமெடுக்கும். அதன் அடித்தளம் கைக்குழந்தைக்கு மூக்கின் தரையைவிட மேலே இருக்கும். வளர வளர இறங்கி, பள்ளிப் பருவத்தின் பிற்பகுதியில் மூக்கின் தரையோடு சமமாகி, பெரியவர்களுக்கு அதற்கும் கீழே போய்விடும். இறங்க இடம் எங்கிருந்து வருகிறது? நிரந்தரப் பற்கள் முளைத்துக் கீழே போகும்போது காலியாகும் இடம் அது.

மண்டைக்கு நடுவில் ஆழத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு, பிறந்த சில வருஷம் கழித்துத்தான் காற்று நிரம்ப ஆரம்பிக்கும். நெற்றியில் உள்ள ஃப்ராண்டல் சைனஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. 5, 6 வயது வாக்கில்தான் ஸ்கேனில் ஓரளவு தெரியும், பதின்பருவம் முடியும் வரை வளரும். சிலருக்கு ஒரு பக்கம் வளராமலே நின்றுவிடுவதும் உண்டு. ஆக, 4 வயசுக் குழந்தைக்கு நெற்றி சைனஸில் சளி என்று யாராவது சொன்னால், அங்கே சைனஸே இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

அறுவை செய்யும் டாக்டருக்கு இது ஏன் உயிர்நாடியான தகவல்? பழைய காலத்தில் கன்னத்து சைனஸைச் சுத்தம் செய்ய, மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே எலும்பில் ஓட்டை போட்டு உள்ளே போவார்கள். பெரியவருக்கு அங்கே பல்வேர் இருக்கும். குழந்தைக்கோ இன்னும் முளைக்காத நிரந்தரப் பற்களின் மொட்டுகளே அங்கேதான். ஓட்டை போட்டால் பல் போய்விடும்.

எண்டோஸ்கோப் வந்த பிறகும் ஆபத்து வேறு ரூபத்தில் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு மேக்ஸிலரி சைனஸ் சரியாக வளர்ந்திருக்காது. அப்போது அதன் வாசலை மறைத்து நிற்கும் கொக்கி போன்ற எலும்பு, கண் குழியின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். இது தெரியாமல் வழக்கம்போல வெட்டினால் கருவி கண்ணுக்குள் போய்விடலாம். ஹாலர் செல் என்பது கண் குழிக்கு அடியில் வளர்ந்துவிட்ட எத்மாய்டு அறை. கன்னத்து சைனஸின் வடிகாலை அது நெருக்கும். 18ஆம் நூற்றாண்டு சுவிஸ் அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலரின் பெயர் அது. ஓனோடி செல்லோ இன்னும் விஷமம். கடைசி எத்மாய்டு அறை, ஸ்பீனாய்டுக்கு மேலேறி உட்கார்ந்துகொள்ளும். பார்வை நரம்பு அதன் சுவரை ஒட்டியே ஓடும், சில நேரம் அந்த அறைக்குள்ளேயே புடைத்துத் தெரியும். ஸ்பீனாய்டு என்று நினைத்து அங்கே கை வைத்தால் பார்வையே போகும் அபாயம்.

இந்த ஓனோடியும் சுக்கர்காண்டல் காலத்தவர்தான். புடாபெஸ்டில் இருந்த அடோல்ஃப் ஓனோடி, குழந்தைகளின் சைனஸ்களுக்கு என்றே தனியாக ஒரு படத்தொகுப்பு கொண்டுவந்தார். 102 மாதிரிகள், நிஜ அளவில் புகைப்படங்கள். வெளியான ஆண்டு 1911. சுக்கர்காண்டல் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

102 என்பதை வெறும் எண்ணாகக் கடந்துபோக முடியவில்லை. ஆன்டிபயாடிக் இல்லாத, குழந்தை இறப்பு சாதாரணமாக இருந்த காலம் அது. அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் பிழைக்காமல் போன குழந்தைகளிடம் இருந்து வந்தவை. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக ஆபரேஷன் நடக்கிறதென்றால் அந்த அறிவுக்கு அடியில், பெயர் பதியாத அவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு மட்டும் இருந்து மறையும் உறுப்பு

1888இல் சுக்கர்காண்டல் வியன்னாவுக்குத் திரும்பினார். கார்ல் லாங்கர் இறந்ததால் காலியான உடற்கூற்றியல் பீடம் அவருக்குக் கிடைத்தது. சாகும்வரை அந்த நாற்காலிதான்.

மூக்கோடு அவர் நிற்கவில்லை. 1901இல், வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டி இருக்கும் சின்னத் திசுக்கட்டிகளை விவரித்தார். இன்று அதற்குப் பெயரே சுக்கர்காண்டல் உறுப்பு. அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி போலவே ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ரசாயனங்களைச் சுரக்கும் திசு அது. கருவிலும் கைக்குழந்தையிலும் நன்றாகத் தெரியும், குழந்தை வளர வளரச் சுருங்கிவிடும். அபூர்வமாக அந்த இடத்தில் கட்டி வந்தால் ரத்த அழுத்தம் எகிறும். 1902இல் தைராய்டு சுரப்பியில் பின்பக்கம் புடைத்து நிற்கும் ஒரு மேட்டை விவரித்தார். குரல் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க தைராய்டு சர்ஜன்கள் இன்றும் அந்த மேட்டைத்தான் அடையாளமாகத் தேடுகிறார்கள். சிறுநீரகத்தின் பின்பக்க உறைக்கும் அவர் பெயர் உண்டு. எம்பிபிஎஸ் மாணவர்கள் இந்தப் பெயரைக் கண்டாலே கடுப்பாவதற்குக் காரணம் புரிகிறதா?

டாக்டர் வீட்டு வரவேற்பறை

1886இல் அவர் பெர்த்தா செப்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பெர்த்தாவின் அப்பா மோரிட்ஸ் செப்ஸ், வியன்னாவின் செல்வாக்குள்ள பத்திரிகை ஆசிரியர். பெர்த்தாவும் பத்திரிகையாளர், கலை விமர்சகர். அவருடைய அக்கா சோஃபி, பின்னாளில் பிரான்ஸ் பிரதமரான ஜார்ஜ் கிளெமென்சோவின் தம்பி பாலை மணந்தவர்.

பெர்த்தா நடத்திய வரவேற்பறைக் கூட்டங்களுக்கு வராத பெரிய மனிதர்கள் வியன்னாவில் குறைவு. இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரும் ஆல்மா ஷிண்ட்லரும் 1901 நவம்பரில் சந்தித்தது இவர்கள் வீட்டு விருந்தில்தான். அடுத்த மார்ச்சில் அவர்களுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. சிற்பி ரோடின் 1902இல் வியன்னா வந்தபோது ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட்டோடு அவரைச் சேர்த்து வைத்ததும் பெர்த்தாதான்.

கிளிம்ட் இந்தக் குடும்பத்துக்கு நெருக்கம். பல்கலைக்கழக மண்டபத்துக்காக அவர் வரைந்த ஓவியங்களைப் பேராசிரியர்களே எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்தியபோது, பெர்த்தா பத்திரிகைகளில் அவர் பக்கம் நின்று எழுதினார். சுக்கர்காண்டலோ கிளிம்ட்டை உடற்கூற்றுக் கூடத்துக்குள் அழைத்துப்போனார். ஓவியர்களுக்காக உரைகள் நிகழ்த்தினார், செல்களையும் திசுக்களையும் திரையில் காட்டினார். கிளிம்ட்டின் ஓவியங்களில் பெண்களின் உடைகளில் மிதக்கும் வட்டங்களும் முட்டை வடிவங்களும் வெறும் அலங்காரம் இல்லை, செல்களின் சாயல் என்று நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டல் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். மூக்கைப் படித்த ஒருவர் ஓவிய வரலாற்றிலும் இடம்பிடித்தது இப்படித்தான்.

1910 மே 28ஆம் தேதி, 60 வயதில் சுக்கர்காண்டல் காலமானார். அவருடைய பீடத்துக்கு வந்தவர் அவரிடமே உதவியாளராக இருந்த ஜூலியஸ் டாண்ட்லர். முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னா நகரத்தின் சுகாதாரப் பொறுப்பை ஏற்ற டாண்ட்லர், நகரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் துணிமணிகள் அடங்கிய பெட்டகம் வழங்க வைத்தார். நம்ம ஊர் அம்மா பெட்டகம் நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை.

கிராட்ஸில் இருந்து நம்ம ஊர் ஆபரேஷன் தியேட்டர் வரை

சுக்கர்காண்டலின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அறுவை மருத்துவத்தை வளர்த்தவர்களில் ஒருவர் வியன்னாவின் மார்க்குஸ் ஹாயெக். சைனஸ் நோய்கள் பற்றி 1899இல் புத்தகம் எழுதியவர். 1923இல் சிக்மண்ட் ஃப்ராய்டின் வாயில் வந்த கட்டியை முதலில் அறுத்தவரும் இவரே. ஆனால் வெறும் கண்ணால் பார்த்து, அந்த இருட்டுக் குகைக்குள் வேலை செய்வது பெரிய ரிஸ்க். பலர் எத்மாய்டு பக்கம் போகவே பயந்தார்கள்.

மாற்றம் வந்தது கிராட்ஸில், சுக்கர்காண்டல் ஆறு வருஷம் பாடம் நடத்திய அதே பல்கலைக்கழகத்தில். வால்டர் மெஸ்ஸர்க்ளிங்கர் அங்கே சளி எந்த வழியாக ஓடுகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். சைனஸின் அடியில் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும், உள்ளே இருக்கும் நுண்முடிகள் சளியை மேலே உள்ள இயற்கையான வாசலை நோக்கியே தள்ளின. அப்படியென்றால் அந்த வாசலில் உள்ள அடைப்பை மட்டும் எடுத்தால் போதும், சைனஸ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஹெரால்ட் ஹாப்கின்ஸ் கண்டுபிடித்த கண்ணாடித்தண்டு எண்டோஸ்கோப்பும் சிடி ஸ்கேனும் இதற்குக் கை கொடுத்தன. மெஸ்ஸர்க்ளிங்கரிடம் பயின்ற ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் 1980களில் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். குழந்தைகளுக்கு 4 மில்லிமீட்டருக்குப் பதில் 2.7 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப்பும் பயன்படுத்துவார்கள்.

சரி, ரிப்போர்ட்டில் கான்கா புல்லோசா என்று வந்துவிட்டால் ஆபரேஷன் கட்டாயமா? இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஏராளமானவர்களுக்கும் அது இருக்கிறது. குழந்தைகளுக்கு முதலில் மருந்து, மூக்கை உப்புநீரால் கழுவுதல், அலர்ஜி இருந்தால் அதற்கான சிகிச்சை. அதற்கும் சரியாகவில்லை என்றால் பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையை எடுப்பதே அடுத்த படி. சைனஸ் எண்டோஸ்கோப்பி அதற்கும் அப்புறம்தான். விதிவிலக்கு, எத்மாய்டில் இருந்து சீழ் கண்ணுக்குப் பரவுவது. சளியோடு ஒரு கண் வீங்கி, சிவந்து, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்க முடியாமல் போனாலோ, அது ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை. அங்கே அந்தக் காகிதத் தகடுதான் கடைசித் தடுப்பு.

வளரும் முகத்தில் கை வைத்தால் முக வளர்ச்சி பாதிக்குமோ என்ற பயம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. ஆபரேஷன் செய்த குழந்தைகளைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்ததில் கண்ணுக்குத் தெரியும்படியான பாதிப்பு இல்லை. அதனால் இப்போது அந்தப் பயம் குறைந்திருக்கிறது.

சுக்கர்காண்டல் குடும்பத்தின் பிற்கால வரலாறு வேதனையானது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் பெர்த்தா பாரிஸுக்குத் தப்பினார். அங்கும் ஜெர்மன் படை வர, அல்ஜியர்ஸ் போய், 1945இல் பாரிஸில் இறந்தார். தம்பி ஓட்டோவின் மனைவியாக இருந்த அமாலியை கிளிம்ட் வரைந்த ஓவியம் பாதியில் நின்றுபோனது. அமாலியை 1942இல் நாஜிகள் கொன்றார்கள். பெர்த்தாவோடு தப்பிய பேரனுக்கும் தாத்தாவின் பெயர்தான், எமில். அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கோடு சேர்ந்து, புரதங்களில் உள்ள வித்தியாசங்களை எண்ணி இரண்டு உயிரினங்கள் எப்போது பிரிந்தன என்று கணிக்கும் மூலக்கூறு கடிகாரம் என்ற கருத்தை 1960களில் முன்வைத்தவர் அவர்.